நான் எழுதாமல் விட்ட இரண்டு வரிகள்



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் இதழில், இதே பக்கத்தில், விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்க சில திரைப்படங்களைக் குறித்திருந்தேன். உங்களிற் சிலருக்கு நினைவிருக்கலாம். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் இரு படங்களை அதில் ஒரே மூச்சில் எழுதியிருந்தேன். ஒன்று, 1997இல் வந்த ‘வானத்துப் பிள்ளைகள்’. மற்றொன்று, 1999இல் வந்த ‘இறைவனின் வண்ணம்’. பாரசீகப் பெயருக்கு அதுதான் பொருள். ஆங்கிலத்தில் ‘சொர்க்கத்தின் வண்ணம்’ என்று மாற்றிவிட்டார்கள். இரண்டும் பிள்ளைகளைப் பற்றிய நல்ல படங்கள், ஆபாசமில்லை, அடிதடியில்லை, அச்சமின்றிப் பார்க்கலாம் என்பதே நான் எழுதியதன் சாரம். நான்கு வரிக்கு மேல் இராது. எழுதி முடித்தேன், மறந்தும் போனேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் ஆனபின், இதழ் அலுவலகத்திலிருந்து அனுப்பி வைத்த கடிதக் கட்டில் ஒரு சகோதரியின் மடல் இருந்தது. நான்கு பக்கம். ஓரம் விடாமல் நீல மையில் எழுதியிருந்தார். ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருப்பதால் கடற்கரையோரத்து ஊர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மற்றவற்றை எழுத அனுமதி தந்திருக்கிறார்.

அவருக்கு மக்கள் இருவர். மூத்தவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இளையவனுக்கு 11 வயது, பிறவியிலேயே பார்வையற்றவன். வெளியூரில், விடுதியோடு கூடிய பார்வையற்றோர் பள்ளியொன்றில் தங்கிப் படிக்கிறான். வாப்பா சபுராளி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிறவர். கோடை விடுமுறைக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மஃரிபுக்குப் பின், என் நான்கு வரியை நம்பி, மூவரும் அந்த இரண்டாவது படத்தைப் பார்க்க அமர்ந்திருக்கிறார்கள். படம் பாரசீக மொழி. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். மகள் அதைப் படித்துத் தமிழாக்கித் தம்பிக்குச் சொல்ல, தாயும் அதையே கேட்டுக்கொள்வதென்று ஏற்பாடு.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொடக்கத்தில் திரை இருண்டே இருக்கும். ஒலி மட்டும் கேட்கும். ஆசிரியர் ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு இது யாருடையது என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். மகள், “ஒண்ணும் தெரியலையே, கறுப்பா இருக்கு” என்றிருக்கிறாள். தம்பி, “எனக்கும் அப்படித்தான் இருக்கு லாத்தா” என்றானாம். மூவரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை எழுதிவிட்டு, “அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை” என்று அடுத்த வரியை எழுதியிருந்தார் அந்தத் தாய்.

நான் என் நான்கு வரியில் சொல்லாமல் விட்டது இதுதான். அந்தப் படத்தின் நாயகன், தெஹ்ரானில் ஒரு பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும் முஹம்மது என்னும் சிறுவன். விடுமுறை தொடங்கும் நாளில் மற்றப் பிள்ளைகளையெல்லாம் பெற்றோர் வந்து அழைத்துப் போகிறார்கள். இவன் மட்டும் வாசலில் காத்திருக்கிறான். தாமதமாக வரும் தகப்பன், மகனை அழைத்துக்கொள்வதற்கு முன் பள்ளி நிர்வாகியிடம் போய், இவனை இங்கேயே வைத்துக்கொள்ள முடியாதா என்று இறைஞ்சுகிறான். மனைவியை இழந்து மறுமணத்துக்குக் காத்திருக்கும் ஏழை அவன். கண் தெரியாத பிள்ளை தனக்குச் சுமையென்று எண்ணுகிறான். கதை முழுவதும் அந்த எண்ணத்தின் மேல்தான் நடக்கிறது.

அந்த இடம் வந்ததும் மகள் படிப்பதை நிறுத்திவிட்டாள். தம்பி விடவில்லை. “அந்த வாப்பா என்னமோ கெஞ்சுறாரே, என்ன கேக்குறார்?” என்றான். “நல்லாப் படிக்க வைங்கன்னு கேக்குறார்” என்று பொய் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். அதன்பின் அவளுக்கு வேறு வழியில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று என்று முக்கால் மணி நேரம் இல்லாத ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். பிறகு, தகப்பன் அந்தச் சிறுவனை ஒரு பார்வையற்ற தச்சரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் கட்டம். தச்சரின் எதிரே சிறுவன் குமுறி அழுகிறான். அவள் வாயடைத்துப் போனாள்.

“லாத்தா, அவன் அழுவுறது எனக்குக் கேக்குது. என்ன சொல்லி அழுவுறான்னு மட்டும் சொல்லு.”

மகள் தாயைப் பார்த்தாள். தாய், “உள்ளதச் சொல்லு புள்ள” என்றார்.

சொன்னாள். அன்றிரவு படுக்கையில் அவன் உம்மாவிடம் கேட்ட கேள்வி இது: “நம்ம வாப்பாவும் எங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான் கேட்டாங்களா?”

அந்தச் சகோதரி எழுதுகிறார்: “என்னிடம் ஆயத்தமாகப் பதில் இல்லை. விடுதியில் சேர்த்தது அவன் படிப்புக்காகத்தான். ஆனால் சேர்க்கும்போது அவனுக்கு 6 வயது. எதற்காக விட்டுவிட்டு வந்தோம் என்று அவனிடம் நாங்கள் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. அன்று அவனுடைய வாப்பா பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்று அழுததைச் சொன்னேன். ‘அதை முன்னயே சொல்லியிருக்கலாமே உம்மா’ என்றான்.”

என்மீது ஒரு சுடுசொல்லும் அந்த மடலில் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் மட்டும் இருந்தது: “இனி எழுதும்போது இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். படம் எதைப் பற்றியது என்று ஒரு வரி. யார் யார் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி.”

வாசக அன்பர்களே, உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படத்தை நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பச்சைப் பசேலென்ற மலைச்சாரலும், பூக்களும், பாட்டியின் கனிந்த முகமும் நினைவில் இருந்தன. தகப்பனின் இறைஞ்சல் நினைவில் தங்கவில்லை. எனக்குத் தைக்காத முள்ளை நான் மறந்துவிட்டேன். அது யார் காலில் தைக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ‘நல்ல படம்’ என்ற சொல் எவ்வளவு சோம்பேறித்தனமான சொல் என்பது அந்த மடலைப் படித்தபின்பே எனக்கு உறைத்தது.

‘பரிந்துரை’ என்கிறோம். பரிந்து உரைப்பது பரிந்துரை. யாருக்காகப் பரிகிறோமோ அவர் முகம் மனத்தில் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். நற்காரியத்துக்குப் பரிந்து பேசியவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு, தீய காரியத்துக்குப் பேசியவருக்கும் அதில் பங்கு உண்டு என்ற கருத்து அந்நிஸா அத்தியாயத்தில் வருவதை நம் வீடுகளில் அறியாதவர் இல்லை. வேலைக்கு, சம்பந்தத்துக்கு, கடனுக்குப் பரிந்து பேசும்போது நூறு முறை யோசிக்கிற நாம், ஒரு படத்துக்குப் பேசும்போது மட்டும் யோசிப்பதில்லை.

இந்த இடத்தில் சில பெரியவர்கள் நெற்றியைச் சுருக்குவது எனக்குத் தெரிகிறது. “படம் பார்ப்பதே ஆகாது என்கிறோம், இந்தப் பெண் அதற்குப் பரிந்துரை வேறு எழுதுகிறாளே” என்று சென்ற ஆண்டே இரண்டு கடிதங்கள் வந்தன. அவர்களுடைய பேணுதலை நான் மதிக்கிறேன். எங்கள் வாப்பாவும் அந்தக் கருத்துடையவரே. கடைசி வரை கொட்டகைப் படி ஏறாதவர். ஆனால் இன்று கொட்டகை நம் படி ஏறி வந்துவிட்டது. பிள்ளையின் கையிலிருக்கும் கைபேசி, அவன் நேற்று எதைப் பார்த்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டு, இன்று இதைப் பார் என்று தானாகவே நீட்டுகிறது. அந்த இயந்திரத்துக்கு அவனுடைய பெயர் தெரியும், வயது தெரிந்திருக்கவும் கூடும். அடுத்த அறையில் அவனுடைய பெரியும்மா இத்தா இருப்பது தெரியாது. அவன் தங்கை எதற்குப் பயப்படுவாள் என்பது தெரியாது. தெரிந்த மனிதர்கள் பேசாமல் ஒதுங்கிக்கொண்டால், தெரியாத இயந்திரம்தான் பேசிக்கொண்டிருக்கும். அதனால்தான் பேசுகிறேன்.

முன்பெல்லாம் படம் என்பது தனியே பார்க்கும் பண்டமாக இருக்கவில்லை. வளைகுடாவிலிருந்து வந்த சபுராளி வீட்டில் வீடியோ டெக் வந்து இறங்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் இருந்தது. முஸ்தபா அக்காத் 1976இல் வெளியிட்ட ‘அர்ரிஸாலா’ படத்தின் ஒளிநாடா எங்கள் ஊருக்கு வந்த இரவில், அந்த வீட்டு முற்றத்தில் ஆண்கள் ஒருபுறமும், சீலை கட்டி மறைத்த மறுபுறத்தில் பெண்களுமாகத் தெருவே கூடியிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுருவமோ குரலோ அந்தப் படத்தில் எங்கும் வராது. எதிரே இருப்பவர்கள் காமிராவை நோக்கிப் பேசுவார்கள், அவ்வளவே. ஏற்கெனவே துபாயில் பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு காக்கா நடுவில் அமர்ந்துகொண்டு, “இப்ப பிலால் (ரலி) வருவாங்க பாருங்க”, “இப்ப ஹம்ஸா (ரலி) குதிரையில வருவாங்க பாருங்க” என்று முன்கூட்டியே அறிவித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைத் திட்டினார்கள். ஆனால் பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தும் கட்டம் வருமுன், “சின்னப் புள்ளைகளக் கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போங்க” என்று சீலைக்கு அப்புறம் கேட்கும்படி சொன்னவரும் அவரேதான். இவ்வளவு காலத்துக்குப் பின் எண்ணிப் பார்க்கிறேன், முறையான பரிந்துரைக்காரர் அவரே. படத்தையும் அறிந்திருந்தார், முற்றத்தில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் அறிந்திருந்தார்.

அதே படத்துக்கு நேர்ந்த மற்றொரு கதையும் உண்டு. அதன் ஆங்கில வடிவத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களாக நடித்தவர் அந்தோணி குவின். அரபு வடிவத்தில் அதே வேடத்தை எகிப்திய நடிகர் அப்துல்லா கைஸ் ஏற்றார். இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே அரங்க அமைப்பில் எடுத்தார்கள். ஆனால் குவின் நபிகளாராகவே நடிக்கிறார் என்ற வதந்தி பரவிவிட்டது. 1977 மார்ச்சில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஆயுதம் ஏந்திய ஒரு சிறு குழுவினர் மூன்று கட்டிடங்களைக் கைப்பற்றி, நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணை பிடித்து வைத்தார்கள். அவர்களுக்கு வேறு பெரும் மனக்குறைகள் இருந்தன. எனினும் இந்தப் படத்தைத் திரையிடக் கூடாதென்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. இளம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் அதில் உயிரிழந்தார். எகிப்து, பாகிஸ்தான், ஈரான் ஆகிய மூன்று முஸ்லிம் நாடுகளின் தூதர்கள் நேரில் போய்ப் பேசிய பின்பே பிணையாளிகள் மீண்டார்கள். பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று நான் அறியேன். பார்த்த படத்தை மறந்துவிட்டுப் பேசிய நான் அவர்களைக் குறை சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. அளவு வேறு, பிழை அதே இனந்தான். அக்காத் அதன்பின் 1981இல் உமர் முக்தாரின் வரலாற்றைப் படமாக்கினார். இத்தாலியில் அந்தப் படத்துக்கு நெடுங்காலம் தடை இருந்தது. 2005இல் அம்மானில் நடந்த குண்டுவெடிப்பில் அவரும் அவருடைய மகளும் மாண்டார்கள்.

சரி, சகோதரி கேட்ட இரண்டு வரிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு குறித்த படங்களையும் புதிதாக இரண்டொன்றையும், இம்முறை மறுபடியும் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

‘வானத்துப் பிள்ளைகள்’: செருப்புத் தைப்பவரிடமிருந்து தங்கையின் காலணியை வாங்கி வரும் வழியில் அதைத் தொலைத்துவிடுகிறான் அலீ. வீட்டில் சொன்னால் வாப்பாவுக்குப் புதிது வாங்க வழியில்லை. ஆகவே அவனுடைய ஒரே ஜோடியைத் தங்கை காலையிலும் அண்ணன் பிற்பகலிலும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். இதில் யாரும் யாரையும் வெறுப்பதில்லை. 5 வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளையோடும் பார்க்கலாம். யோசித்துப் பார்க்க வேண்டியவர்கள், கடன் நெருக்கடியில் இருக்கும் தகப்பன்மார். பிள்ளையின் எதிரே கண் கலங்கக் கூடாதென்று நினைப்பவர்கள் ஒருமுறை தனியே பார்த்துவிடுவது நல்லது. இந்தப் படத்தில் ஒரு சிறு கட்டம். தகப்பன் பள்ளிவாசல் தேநீருக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருப்பார். மகள் தேநீர் கொண்டு வருவாள். சர்க்கரை எங்கே என்று கேட்பார். முன்னால் இவ்வளவு கிடக்கிறதே என்பாள் அவள். இது பள்ளிவாசலுடையது, நம்முடையதன்று என்பார். அரை நிமிடந்தான். அமானிதத்தைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் எழுதிய கட்டுரைகளையெல்லாம் அந்த அரை நிமிடத்துக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம். சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் போட்டியின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரானியப் படம் இது. இதே கதையை 2022இல் ‘அக்கா குருவி’ என்று தமிழிலும் எடுத்தார்கள்.

‘நண்பனின் வீடு எங்கே’: 1987இல் அப்பாஸ் கியாரோஸ்தமி எடுத்தது. பக்கத்தில் அமர்ந்திருந்தவனின் குறிப்பேட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட சிறுவன் அஹ்மது, நாளை அவனைப் பள்ளியிலிருந்து விலக்கிவிடுவார்களே என்றஞ்சி, அடுத்த ஊருக்கு ஓடி அவன் வீட்டைத் தேடுகிறான். அவ்வளவுதான் கதை. மெதுவாகப் போகும், வாரியடித்து ஓடும் படங்களுக்குப் பழகிய பிள்ளை கால் மணி நேரத்தில் எழுந்து போய்விடும். போகட்டும், இழுத்துப் பிடிக்க வேண்டாம். பிள்ளைகளைவிட இதைப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே. இதில் ஒரு பாட்டனார், சட்டைப்பையில் சிகரெட் இருக்கும்போதே பேரனைச் சிகரெட் எடுத்துவர அனுப்புவார், கீழ்ப்படியப் பழக்குகிறாராம். அவ்வப்போது அடி கொடுத்தால்தான் பிள்ளை உருப்படும் என்று பக்கத்திலிருப்பவருக்குப் பாடம் வேறு நடத்துவார். எங்கள் வீட்டில் இந்தக் கட்டத்தில் யார் யாரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதை இங்கே எழுதினால் குடும்பச் சண்டையாகிவிடும்.

ஒரு சொல் இடையில். ஈரானியப் படமென்றாலே குடும்பப் படம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே பரவியிருக்கிறது. இதே கியாரோஸ்தமி 1997இல் கான் விழாவில் தங்கப் பனை விருதைப் பங்கிட்டுக்கொண்ட படம், தன் உயிரை மாய்த்துக்கொள்ள முடிவு செய்துவிட்ட ஒருவர் தமக்கு உதவ ஆள் தேடி அலைவதைப் பற்றியது. அது பெரிய படைப்பு. ஆனால் மனம் சோர்ந்திருக்கும் ஒருவருக்கு, ‘நண்பனின் வீடு எங்கே எடுத்தவர் எடுத்தது’ என்று மட்டும் சொல்லி அதைக் கையில் கொடுப்பது பாவம். நாட்டின் பெயரோ இயக்குநரின் பெயரோ பரிந்துரை ஆகாது.

‘வஜ்தா’: 2012இல் ஹைஃபா அல் மன்சூர் என்னும் பெண்மணி இயக்கியது. முழுவதும் சவூதி மண்ணிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் என்ற பெயர் இதற்குண்டு. அன்று அந்நாட்டில் திரையரங்கே கிடையாது. ரியாதில் மீண்டும் ஓர் அரங்கு திறந்தது 2018 ஏப்ரலில்தான். தெருவில் ஆண்களோடு நின்று வேலை செய்ய இயலாமையால், வண்டிக்குள் அமர்ந்துகொண்டு கம்பியில்லாக் கருவி வழியே நடிகர்களுக்குக் கட்டளை கொடுத்து எடுத்தார் அவர். பச்சைநிற மிதிவண்டி ஒன்றின்மேல் ஆசை வைத்த சிறுமி, அதன் விலையைச் சம்பாதிக்கப் பள்ளியில் நடக்கும் குர்ஆன் ஓதும் போட்டியில் சேருகிறாள். பூப்பெய்தும் வயதையொட்டிய பெண்மக்களோடு தாய்மார் அமர்ந்து பார்க்கத் தக்கது. படம் முடிந்தபின் பேச நிறைய இருக்கும். யோசிக்க வேண்டியது ஒன்று. அந்தச் சிறுமியின் தகப்பன் இரண்டாம் மணம் செய்துகொள்ளப் போகிறான். தாய் அதை எதிர்கொள்ளும் துயரம் படம் முழுவதும் நிழலாகத் தொடரும். அந்தக் காயம் உள்ள வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அங்கே இதைக் கொண்டுபோய்க் கொடுக்குமுன் அந்த உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’: 2018இல் வந்த மலையாளப் படம். மலப்புரத்தில் கால்பந்து ஆட வந்து காயம்பட்ட நைஜீரிய இளைஞனை ஓர் ஏழை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறார்கள். அங்கே வரும் இரண்டு வயோதிக உம்மாக்களை நீங்கள் உங்கள் தெருவில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். நம்மவர்களைத் திரையில் காட்டுவதென்றால் கையில் துப்பாக்கியைக் கொடுத்தே பழகிப்போன படவுலகில், கையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்துக் காட்டியதற்காகவே எனக்குப் பிடித்தது. தாயின் மறுமணத்தை ஏற்க முடியாத வளர்ந்த மகன் ஒருவனின் கதையும் உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்ட மகன் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம், படத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

இனி, ‘இறைவனின் வண்ணம்’.

அந்தச் சகோதரிக்குப் பதில் எழுதுமுன் அதை மீண்டும் பார்த்தேன். பிறகு, அவர் மடலில் மகனைப் பற்றி எழுதியிருந்த ஒரு செய்தியால் உந்தப்பட்டு, கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை கேட்டேன். அந்தச் செய்தி இது. மகன் அன்றோடு படத்தை விட்டுவிடவில்லை. மறுநாளே மறுபடியும் போடச் சொல்லி, லாத்தாவிடம், “இந்தத் தடவை பொய் சொல்லாமச் சொல்லு” என்று கேட்டிருக்கிறான். விடுமுறை முடிவதற்குள் மூன்று முறை கேட்டானாம். ஆற்றங்கரைக் கூழாங்கற்களையும் கோதுமைக் கதிரையும் விரலால் தடவி, புள்ளி எழுத்தாகப் படிக்க முயலும் அந்தச் சிறுவனை அவன் தன் பள்ளித் தோழனைப் போலவே ஏற்றுக்கொண்டுவிட்டான். அந்த வேடத்தில் நடித்த முஹ்சின் ரமஸானி உண்மையிலேயே பார்வையற்றவர் என்பதை லாத்தா எங்கிருந்தோ படித்துச் சொன்னதும், “அதான், அவன் கை நடிக்கலை” என்றானாம். கையை அவன் எப்படிக் கண்டானென்று தாய்க்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

படத்தின் தொடக்கத்தில், கூட்டிலிருந்து விழுந்துவிட்ட குஞ்சுப் பறவையின் கீச்சொலியைக் கேட்ட முஹம்மது, சருகுக்குள் கைவிட்டுத் தேடி அதை எடுத்து, பூனையை விரட்டிவிட்டு, மரமேறிக் கூட்டில் வைப்பான். “யாரும் புடிச்சுக்காமயா ஏறினான்?” என்று மூன்று முறையும் கேட்டிருக்கிறான் நம் பிள்ளை. விடுமுறையின் கடைசி வாரத்தில் வீட்டுக் கொல்லையிலிருந்த வேப்பமரத்தில் ஏறிவிட்டான். “உங்கள் படத்தால் வந்த வினை. முழங்கையில் சிராய்ப்பு. நான் கீழே நின்று ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டிருந்தேன். இறங்கு என்று சொல்ல வாய் வரவில்லை” என்று எழுதியிருந்தார் அந்தச் சகோதரி.

ஆகவே, என் சென்ற ஆண்டுப் பரிந்துரையைத் திருத்தி எழுதுகிறேன். இது பார்வையற்ற பிள்ளையைச் சுமையாக நினைக்கும் ஒரு தகப்பனைப் பற்றிய படம். கடைசிக் கட்டம் கடுமையானது. நடப்பது என்னவென்று சொல்லமாட்டேன். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வேண்டாம். உடற்குறையுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் பெற்றோர் முதலில் தனியே பாருங்கள். பார்த்துவிட்டு, பிள்ளையிடம் இதுவரை சொல்லாமல் வைத்திருப்பது எது என்று யோசியுங்கள். விடுதியில் விட்டுப் படிக்க வைத்திருக்கும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். கடைசிச் சில நிமிடங்களில் பேச்சே இல்லை. பார்வையற்ற ஒருவருக்கு அருகிலிருந்து சொல்பவர், தாம் கண்டதைத் தாமே முடிவு செய்து சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கல்லூரிப் பெண் முதல்முறை ஒருவிதமாகவும் மூன்றாம் முறை வேறுவிதமாகவும் சொன்னாளாம். எது சரி என்று என்னைக் கேட்டிருக்கிறாள். இரண்டுக்கும் படத்தில் இடமிருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பார்த்து மகிழ்ந்த படங்களை இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். படத்தின் பெயரோடு, பார்க்கும்போது உங்களோடு யார் யார் அமர்ந்திருந்தார்கள், எந்த இடத்தில் யார் எழுந்து போனார்கள் என்பதையும் எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டு மதிப்பெண் அனுப்புகிறவர்கள் தாளை வீணாக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை விடுதிக்குத் திரும்பிவிட்டான். போவதற்கு முன், தன் உம்மாவின் மடலின் அடியில் எனக்கென்று ஒரு கேள்வியை லாத்தாவின் கையால் எழுதுவித்திருந்தான். படத்தில் மரங்கொத்தி ஒன்று கொத்தும் ஓசை வருகிறது. முஹம்மது அதன் கொத்துதலை எழுத்தாகக் கேட்கிறான். அவ்வளவு முக்கியமானதை மாமி ஏன் எழுதவில்லை, மாமிக்கு அந்தப் படத்தில் பிடித்த சத்தம் எது என்பதே கேள்வி. கண்ணை மூடிக் கேட்டபோது மரங்கொத்தியைக் கேட்டேன், ஆற்றைக் கேட்டேன், பாட்டி வீட்டு முற்றத்துக் கோழிகளைக் கேட்டேன். பிடித்தது எதுவென்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று அவனுடைய பள்ளி முகவரிக்கு ஓர் அட்டை போட்டிருக்கிறேன்.